கேம்பர் டிரெய்லர் வாங்கப் போகும் சேலத்துத் தம்பிக்கு

தம்பி, உங்க கேள்வியை நான் புரிஞ்சுகிட்டது இதுதான். ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகலை. மனைவி, ரெண்டு குழந்தைங்க. மண் ரோட்டுக்குன்னே கட்டின பழைய கேம்பர் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போய் விரிச்சுத் தங்கற டென்ட் வண்டி, ஒண்ணு விலைக்கு வருது. அதை வாங்கி சோலார், பேட்டரி, கூடுதல் தண்ணி டேங்க் எல்லாம் மாட்டி ஃபிளிண்டர்ஸ் மலைக்கும், அப்புறம் ஊட்னடாட்டா டிராக்ங்கற நீளமான மண் ரோட்டுக்கும் போகணும். சமையல் பெட்டியைச் சேலத்துல லாரி பாடி கட்டுற பட்டறையில எவர்சில்வர்ல அடிச்சு வரவழைக்கலாமா, வெட் கிரைண்டர் ஓடுமா, ஏற்காட்டு ரோட்டுல ஓட்டிப் பழகின கைக்கு இதெல்லாம் பெரிய விஷயமான்னு கேட்டிருக்கீங்க.

நான் லீவுல இப்போ சேலம் அஸ்தம்பட்டி வீட்டுலதான் இருக்கேன். அதனால பெட்டி விஷயத்தைப் பட்டறைக்கே போய் விசாரிச்சுட்டேன். அளவைச் சொன்னதும் அவர் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே வரைஞ்சு காட்டிட்டார். வேலை சுத்தமா இருக்கும், அதுல சந்தேகமே இல்லை. ஆனாலும் வேண்டாங்கறேன். ஒரே கனத்துத் தகடுன்னா எவர்சில்வர், அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூணு மடங்கு எடை. மரச் சட்டம் அடிச்சு அனுப்பினா, அந்த மரம் பூச்சி போக முறைப்படி பதப்படுத்தினதான்னு ஆஸ்திரேலியத் துறைமுகத்துல கேப்பாங்க. அலுமினியப் பெட்டியை அங்கேயே வாங்கிக்குங்க.

எடை ஏறினா என்ன, ரெண்டு கமான் பட்டை சேர்த்துப் போட்டா தாங்கும்னு பட்டறையில சொன்னாங்க. சங்ககிரி, நாமக்கல் லாரிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படித்தான் தோணும். அங்கே அது செல்லாது. டிரெய்லர்ல ஒரு பிளேட் அடிச்சிருக்கும். டேர்னு ஒரு எண், அது காலி எடை. ஏ.டி.எம்.னு இன்னொரு எண், எல்லாச் சாமானும் ஏத்தின பிறகு இதுக்கு மேல போகக் கூடாதுங்கற மொத்த எடை. பட்டையைக் கூட்டிட்டதால அந்த ரெண்டாவது எண் ஏறிடாது. அங்கீகாரம் பெற்ற இன்ஜினியர் ஆக்சில், பிரேக், சேசிஸ் எல்லாத்தையும் பார்த்துச் சான்று கொடுத்தாத்தான் மாத்தலாம். எடை மீறி ஓட்டி விபத்துன்னா இன்சூரன்ஸ்காரங்க கைவிரிக்க அது ஒண்ணே போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. காலி எடை 1,250 கிலோ, ஏ.டி.எம். 1,700ன்னு வெச்சுக்குங்க. கையில இருக்கறது 450 கிலோ. தண்ணி 140 லிட்டர்னா 140 கிலோ போச்சு. 9 கிலோ கேஸ் சிலிண்டர் ரெண்டு, உருளையோட சேர்த்து 35 கிலோ இருக்கும். ஃபிரிட்ஜும் உள்ளே இருக்கற சாப்பாடும் 50. ஈயப் பேட்டரி ரெண்டு 60. ஸ்டெப்னி இன்னொண்ணு 30, பந்தல் 30. மிச்சம் 105 கிலோவுலதான் சமையல் பெட்டி, படுக்கை, நாற்காலி, துணிமணி, டூல்ஸ் எல்லாம் அடங்கணும். எவர்சில்வர் பெட்டிக்கு எங்கே இடம்? சாமானெல்லாம் ஏத்தி, தண்ணியும் நிரப்பி, எடை மேடையில ஒரு தடவை நிறுத்திப் பாருங்க. புதுசா எதை மாட்டறதுன்னாலும் அந்தச் சீட்டைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. மாடிஃபிகேஷன்னு ஜனங்க பேசறதுல பாதி, ஏற்கெனவே இருக்கற எதைக் கழட்டறதுங்கற கேள்விதான்னு நான் சொல்லுவேன்.

எடை எவ்வளவுங்கறது ஒண்ணு, எங்கே உக்காருதுங்கறது இன்னொண்ணு. மாட்டு வண்டியில மூட்டை அடுக்கறவங்க முன்பாரம் பின்பாரம் பார்ப்பாங்களே, அதே கணக்கு இங்கேயும். கொக்கி மேல விழற முன்பாரம் மொத்த எடையில பத்துல ஒரு பங்கு அளவுக்கு இருக்கணும். பின்னாடி சைக்கிள் ஸ்டாண்டும் ரெண்டு ஸ்டெப்னியும் தொங்கவிட்டு முன்பாரத்தைக் குறைச்சா, 90-ல போகும்போது டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். ரொம்பக் கூடினா காரோட முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேக்காது. அந்த முன்பாரம் காரோட சுமைக் கணக்குலயும் சேரும். 3,500 கிலோ இழுக்கும்னு விளம்பரம் போட்ட வண்டியா இருந்தாலும், உள்ளே அஞ்சு பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருந்தா அந்த எண் எட்டாது. தண்ணி டேங்கை அச்சுக்கு நேர் மேலே, தாழ்வா வைங்க. கூரைப் பெட்டி யோசனையை விட்டுடுங்க.

பெட்டி மாட்டறேன்னு சேசிஸ்ல கண்ட இடத்துல ஓட்டை போடாதீங்க. டிராபார்னா டிரெய்லரைக் கொக்கியோட சேர்க்கற முன்பக்கச் சட்டம். அதோட மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் வளைவுச் சுமையைப் பெரும்பாலும் தாங்குது. அங்கே போட்ட ஓட்டையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். முடிஞ்சா கிளாம்ப் போடுங்க. போட்டே ஆகணும்னா பக்கவாட்டுல நடு உயரத்துல போடுங்க.

கரண்ட் விஷயத்துல நீங்க பயப்படற கிரைண்டர் ஒண்ணும் பண்ணாது. சின்ன டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட் எடுக்கும், அரை மணி நேரம் ஓடினா 75 வாட்-ஹவர். கிளம்பற நேரத்துல மோட்டார் ஒரு இழுப்பு இழுக்கும், அதனால பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டரா, கொஞ்சம் பெருசா வாங்குங்க. பேட்டரியைக் காலி பண்றது இண்டக்‌ஷன் அடுப்புதான். 2,000 வாட் அடுப்பு 12 வோல்ட்டுல 170 ஆம்பியருக்கு மேல கேக்கும். கிரைண்டரை நான் வேண்டாங்கறது கல்லுக்காக. மண் ரோட்டுக் குலுக்கல்ல அந்தக் கல்லு டிரம்மை இடிச்சே ஒரு வழி பண்ணிடும். மாவை வீட்டுலயே அரைச்சு, ரொம்பப் புளிக்க விடாம ஃபிரிட்ஜுல வெச்சுக் கொண்டு போங்க. ரெண்டு நாளைக்கு இட்லி, அப்புறம் ரவா உப்புமா.

பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டா இருந்தா ஈயப் பேட்டரியில பாதி எடைகூட வராது. அதைப் படுக்கற இடத்துல வைக்கக் கூடாது. தனிப் பெட்டி, காத்து வெளியே போற வழியோட. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே வரணும். கார்ல இருந்து வர்ற கேபிள் தடிமனா இல்லேன்னா வழியிலேயே வோல்ட்டேஜ் இறங்கிடும், அதனால டிரெய்லர் பக்கத்துல ஒரு டிசி-டிசி சார்ஜர் வேணும். 12 வோல்ட் வேலையை நீங்களே செய்யலாம். 230 வோல்ட் இணைப்பும் கேஸ் குழாயும் லைசென்ஸ் உள்ளவங்க செஞ்சு, சர்டிபிகேட் கொடுக்கணும். குளிர் தாங்கலைன்னு கேஸ் அடுப்பையோ கரியையோ டென்ட்டுக்குள்ளே எரிச்சு சூடு காயாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்துலயே உயிர் போயிடும்.

பணம் செலவு பண்ணணும்னு கை துறுதுறுன்னா தரைக்குப் பக்கத்துல செலவு பண்ணுங்க. சுமையோட சேர்த்து அச்சு மேல 750 கிலோவைத் தாண்டினா பிரேக் கட்டாயம், 2,000 தாண்டினா எல்லாச் சக்கரத்துலயும் இருக்கணும், டிரெய்லர் கழன்டுகிட்டா தானே பிடிக்கற ஏற்பாடும் வேணும். எலக்ட்ரிக் பிரேக்கா, டிரைவர் கைக்கு எட்டற கன்ட்ரோலரோட இருந்தா நல்லது. டிரெய்லர் ஆட ஆரம்பிச்சா கார் பிரேக்கை மிதிக்காம, ஆக்ஸிலரேட்டரை விட்டுட்டு, அந்தக் கன்ட்ரோலரைக் கையால அழுத்தினா டிரெய்லர் மட்டும் இழுத்துப் பிடிச்சு நேராகும்.

டிரெய்லர் டயரும் வீலும் காரோட ஒரே சைஸ், ஒரே போல்ட் அமைப்பா மாத்திட்டா ஸ்டெப்னி ரெண்டுக்கும் பொருந்தும். ஊட்னடாட்டா டிராக் மாரியிலிருந்து மார்லா வரைக்கும் 600 கிலோமீட்டருக்கு மேல. பல இடத்துல ரோட்டுக்குக் குறுக்கே வரிவரியா மேடு இருக்கும். அந்த நடுக்கத்துல நட்டு கழலும், ஷாக் அப்சார்பர் கொதிக்கும், வெல்டிங் விடும். டயர் காத்தைக் குறைச்சு, வேகத்தையும் குறைங்க. எவ்வளவுங்கறது எடையையும் டயரையும் பொறுத்தது, கப்பி ரோட்டுக்கு 25 பவுண்டு பக்கம், மணலுக்கு 15, 18 வரைக்கும் இறக்குவாங்க. தார் ரோடு ஏறினதும் மறுபடி பிடிக்கணும், அதனால கம்ப்ரசர் கையில இருக்கணும். நிறுத்தற இடத்துலயெல்லாம் ஹப்பை, அதாவது சக்கரத்து நடுவுல பேரிங் இருக்கற பாகத்தை, தொட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் கை வைக்க முடியாம சுட்டா பேரிங் போகுதுன்னு அர்த்தம். சூடான ஹப்போட ஓடைத் தண்ணியில இறக்கினா, உள்ளே காத்து சுருங்கி சீல் வழியா தண்ணியை இழுத்துக்கும். கொஞ்சம் ஆற விட்டு இறங்குங்க. பேரிங் செட்டு ஒண்ணும் கிரீஸும் கூடவே இருக்கட்டும்.

ஏற்காட்டு ரோட்டுக்கு வர்றேன். அந்த 20 கொண்டை ஊசி வளைவு உங்களுக்குக் கத்துக் கொடுத்ததுல ஒண்ணு அங்கேயும் செல்லும்: இறங்கும்போது கியர்தான் பிடிக்கணும், பிரேக் இல்லை. அடிவாரத்துல வந்து நிக்கற டூரிஸ்ட் கார்ல வர்ற கருகல் வாசனை உங்களுக்குத் தெரியும். பின்னாடி ஒன்றரை டன் தள்ளும்போது அது இன்னும் சீக்கிரம் வரும். அடிலெய்டுக்குள்ளே இறங்கற சவுத் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில, பிரேக் போன லாரி ஏறி நிக்கறதுக்குன்னே சரளை ஓடுபாதை போட்டு வெச்சிருக்காங்கன்னா இறக்கம் எப்படின்னு பார்த்துக்குங்க. மத்தபடி ஏற்காட்டுக் கை உதவாது. டிரெய்லர் சக்கரம் உள்பக்கமா வெட்டிப் போகும், வளைவை அகலமா எடுக்கணும். ரிவர்ஸ் எடுக்க ஸ்டீயரிங்கைக் கீழ்ப் பக்கமாப் பிடிங்க. பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்க. ஞாயித்துக்கிழமை காலையில காலி கார் பார்க்குல பழகிக்குங்க, மனைவியையும் ஓட்ட வைங்க.

மணல்ல சிக்கினா இழுக்கற பெல்ட்டை டோ பால்ல, அதாவது டிரெய்லர் மாட்டற கொக்கி உருண்டையில, மாட்டவே மாட்டாதீங்க. அது உடைஞ்சு குண்டு மாதிரி பறந்து ஆள் செத்திருக்காங்க. சிக்கின வண்டியை இழுக்கறதுக்குன்னே இருக்கற, எடை குறிச்ச ரெக்கவரி பாயிண்ட்ல மட்டும் மாட்டுங்க.

சாயங்காலம் இருட்டறதுக்கு முன்னாடி கூடாரம் போட்டுடுங்க, கங்காரு ரோட்டுக்கு வர்ற நேரம் அது. மழை பெய்ஞ்சா அந்த ரோடுகளை மூடிடுவாங்க, மூடின ரோட்டுல போனா அபராதம். போன் சிக்னலை நம்பாதீங்க. வண்டிக்கு வண்டி பேசற யு.எச்.எஃப். ரேடியோ ஒண்ணு, ஆபத்துல உதவி கூப்பிடற 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒண்ணு. பீக்கனைப் பதிவு பண்ண மறக்காதீங்க, பதிவுக்குக் காசு கிடையாது. விக்டோரியா பக்கம் போய்த் திரும்பினா யாம்பா சோதனைச் சாவடியில தக்காளி, பச்சை மிளகாய், மாம்பழம் எல்லாத்தையும் கேப்பாங்க. பழ ஈ பயம் அவங்களுக்கு. முன்னாடியே சமைச்சுத் தீர்த்துடுங்க.

டிரெய்லரைப் பார்க்கப் போகும்போது டார்ச்சும் விரிச்சுப் படுக்க ஒரு பழைய சாக்கும் கொண்டு போங்க. அடியில படுத்து ஆக்சில், கமான் பட்டை, டிராபார் சேர்ற மூலை வெல்டிங்கைப் பாருங்க. புது பெயின்ட் ஒரு இடத்துல மட்டும் இருந்தா ஏன்னு கேளுங்க. பிளேட்டைத் தெளிவா படம் எடுத்து எனக்கு அனுப்புங்க, உங்க கார் மாடலையும் எழுதுங்க. அதுக்கு முன்னாடி அட்வான்ஸ் கொடுக்காதீங்க.