டின்னருக்கு ஏன் இரண்டு ‘என்’?

மூணாவது படிக்கிற பையன் ஆங்கிலத்தில் டின்னர் (dinner) எழுதும்போது ஒரே ‘என்’ (n) போடுகிறான், எத்தனை தடவை எழுத வைத்தாலும் திருந்தவில்லை என்றீர்கள். முதலில் அந்த இம்போசிஷனை நிறுத்துங்க, பாவம்.

‘மெட்’ என்று எம்-இ-டி எழுதி, கடைசி ‘டி’யை விரலால் மறையுங்கள். மிச்சம் ‘மீ’. விரலை எடுத்தால் மறுபடி ‘மெட்’. ‘நாட்’, ‘நோ’வும் அப்படித்தான். பின்னால் மெய்யெழுத்து வந்து கதவைச் சாத்தினால் உயிரெழுத்து தன் பெயரைச் சொல்லாது, குறுகிவிடும். அவன் கையாலேயே மூடித் திறக்கட்டும்.

அது பிடிபட்டதும் டின்-னர் என்று பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு ‘என்’ போனால் கதவு திறந்து டை-னர் (diner). அது அமெரிக்காவில் சாப்பாட்டுக் கடை! டை-கருக்கு (tiger) ஒற்றை ‘ஜி’ ஏன் என்பதும் அவனுக்கே விளங்கும்.

‘ரிவர்’ (river), ‘லெமன்’ (lemon) மாதிரி, ஒற்றை மெய்யெழுத்து இருந்தும் குறுகுகிற சில அடங்காப்பிடாரிகள் உண்டு. அவற்றுக்கு மனப்பாடம்தான்.