மதராஸைக் கேட்டவரின் கதை

கேள்வி: தெலுங்கு வழியில் படிக்கும் என் பேத்தியின் பாடத்தில் டங்குடூரி பிரகாசம் ‘ஆந்திர கேசரி’யாக, அதாவது ஆந்திரச் சிங்கமாக, வருகிறார். என் கணவரோ, “மதராஸையே ஆந்திராவுக்குக் கேட்டவர்தானே” என்று முகம் சுளிக்கிறார். குழந்தைக்கு நாங்கள் என்ன சொல்வது?
(ஒரு வாசகி, நகரி)

பதில்: உங்கள் கணவர் சொல்வது உண்மைதான், அம்மா. 1949இல் சென்னை மாகாணத்திலிருந்து ஆந்திரத்தைப் பிரிப்பதை ஆராய்ந்த குழுவில், சென்னை நகரின் மீதான உரிமையை விட மறுத்து மாறுபட்ட குறிப்பு எழுதியவர் பிரகாசம். அந்தக் கோரிக்கை தவறு என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் தம் வாழ்வின் பெரும்பகுதியையும் கைப்பொருள் முழுவதையும் அந்த நகரத்தில் செலவிட்டவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேர்மையாக இருக்கும்.

1872இல் பிறந்த அவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் ஓங்கோலில் சாப்பாட்டு விடுதி நடத்தி, நம் பக்கத்துத் தெலுங்கில் சொன்னால் ‘பூட்டகூள்ள இல்லு’ வைத்து, பிள்ளைகளை வளர்த்தார். அனுமந்தராவ் நாயுடு என்ற ஆசிரியரின் ஆதரவில் படித்து, ராஜமுந்திரியில் வக்கீலாகி நல்ல பெயர் எடுத்தபோதும், இரண்டாம் தர வக்கீல் உயர்நீதிமன்றத்தில் வாதாட முடியாது என்ற விதி குறுக்கே நின்றதால், இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகத் திரும்பிச் சென்னையில் தொழில் தொடங்கினார். ‘லா டைம்ஸ்’ என்ற சட்ட இதழையும் நடத்தினார். வருமானம் பெருகியது.

அந்த வருமானத்தை 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் துறந்துவிட்டு, அவர் ‘ஸ்வராஜ்யா’ நாளிதழைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் வந்த அந்த இதழுக்குத் தெலுங்கு, தமிழ்ப் பதிப்புகளும் இருந்தன என்பதை நம்மவர்கள் மறந்துவிட்டார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. காசா சுப்பாராவ், கோடம்ராஜு ராமாராவ் போன்ற பெரிய பத்திரிகையாளர்கள் அங்கே பணியாற்றியவர்கள். வக்கீல் தொழிலில் சேர்த்த சொத்தெல்லாம் அச்சுக்கூடத்துக்கும் காகிதத்துக்கும் கரைந்தது. கடன் மிஞ்சிய பின்னும் அவர் பத்திரிகையை உடனே கைவிடவில்லை; முப்பதுகளின் நடுப்பகுதி வரை இழுத்துப் பிடித்தார்.

1928இல் சைமன் குழுவை எதிர்த்துச் சென்னையில் நடந்த கிளர்ச்சியில், துப்பாக்கிச் சூட்டில் இறந்தவரின் உடலைப் பார்க்க விடாமல் காவலர் தடுத்தபோது, அவர் சட்டையைத் திறந்து மார்பைக் காட்டியது பாரிமுனைப் பகுதியில்தான். ‘கேசரி’ என்ற பெயர் அதனால் நிலைத்தது.

கேள்வி: இரண்டு முறை அரசின் தலைமையில் இருந்த பிரகாசத்தை எதிர்க்கட்சித் தலைவர் என்று சொல்வது பொருந்துமா?
(ஒரு வாசகர், சித்தூர்)

பதில்: பொருந்தும் என்றே நினைக்கிறேன். 1946இல் சென்னை மாகாணப் பிரதமரானவரை (முதலமைச்சருக்கு அன்றைய பெயர் அது), ஓராண்டு முடியும் முன்பே சொந்தக் கட்சியினரே இறக்கிவிட்டார்கள். 1951இல் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152 மட்டுமே கிடைத்தபோது, கம்யூனிஸ்டுகளையும் சேர்த்துக்கொண்டு ஐக்கிய ஜனநாயக முன்னணிக்குத் தலைமை ஏற்று ஆட்சி அமைக்க உரிமை கோரினார். ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை மேலவைக்கு நியமித்து அழைத்தார். ராஜாஜியின் ஆற்றலில் எனக்கு ஐயம் இல்லை. ஆயினும் பெரும்பான்மையைச் சபையில் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு முதலில் பிரகாசத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

1953 அக்டோபர் 1இல் கர்னூலைத் தலைநகராகக் கொண்டு பிறந்த ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சர் அவரே. அதற்குப் பழைய எதிரியான காங்கிரஸின் துணை வேண்டியிருந்தது. மறு ஆண்டு நவம்பரில், மதுவிலக்குச் சிக்கலில் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஒரே வாக்கில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. 1957இல் அவர் காலமானார். நம் திருத்தணி தமிழ்நாட்டுடன் சேர்ந்தது அதற்குப் பின், 1960இல்.

நகரி வாசகிக்கும் ஒரு சொல்: பேத்தியுடன் சென்னை செல்லும்போது உயர்நீதிமன்றத்துக்கு அருகே பிராட்வேயில் சிறிது தூரம் நடந்து வாருங்கள். அந்தத் தெருவின் இன்றைய பெயர் பிரகாசம் சாலை.