துறவியின் பெயரைத் தொட்டிலில் வைக்கலாமா?

முப்பது வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவன் நான். எங்கள் தெருவில் எந்த வீட்டில் தொட்டில் கட்டினாலும் பெயர் கேட்டு ஆள் வந்துவிடும். தவம், துறவு, பக்தி சார்ந்த பெயர்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகளுக்கு அபர்ணா என்று முடிவு செய்தோம். ‘இலை இல்லாதவள்’ என்று பொருளாம், மொட்டை மரம் மாதிரி இருக்கிறது என்கிறார் மாமியார்.

பதில்: பொருள் சரிதான் அம்மா, மரம்தான் தப்பு. சிவனை அடையப் பார்வதி தவம் இருந்தாள். தானாக உதிர்ந்த இலையை மட்டும் தின்று கிடப்பதே தவத்தின் உச்சம் என்பார்கள். அவள் அதையும் விட்டுவிட்டாள். பர்ணம் என்றால் இலை. அதுவும் உண்ணாதவள் அபர்ணா. உமா என்ற பெயரும் இதே கதையில் வருவது. தவத்துக்குக் கிளம்பிய மகளை ‘உ, மா’ (அடியே, வேண்டாம்) என்று தாய் மேனை தடுத்தாளாம். இரண்டையும் காளிதாசன் குமாரசம்பவத்தில் சொல்கிறான். மாமியாரிடம் உமாவைச் சொல்லிப் பாருங்கள், மறுக்கமாட்டார்.

கேள்வி: தாத்தா பெயர் எதிராஜ். பையனுக்கு வைக்க ஆசை. ‘எதிரிக்கு ராஜாவா?’ என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

பதில்: எதிரி எங்கே வந்தான் தம்பி? யமன் எமன் ஆனான், யந்திரம் எந்திரம் ஆனது, யஜமானன் எசமான் ஆனார். அதே வழியில் யதி எதி ஆனது. யதி என்றால் துறவி. யதிராஜர், துறவிகளின் அரசர், என்றால் வைணவர்களுக்கு ராமானுஜர். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவருக்கு வீட்டில் வைத்த பெயர் இளையாழ்வார். புதுசாக வேண்டுமென்றால் யதீந்திரன் இருக்கிறது, பொருள் அதேதான். என்னைக் கேட்டால் தாத்தாவையே வையுங்கள்.

கேள்வி: ரமணன் என்று வைத்தால் பிள்ளை சந்நியாசியாகப் போய்விடுவானா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: ரமண மகரிஷியையே பாருங்கள். திருச்சுழியில் பிறந்தபோது அவர் வேங்கடராமன். 1896இல், பதினாறு வயதில், அந்தப் பெயரோடுதான் திருவண்ணாமலை போனார். ரமண மகரிஷி என்பது 1907இல் காவ்யகண்ட கணபதி முனி சூட்டியது. பட்டினத்தார் திருவெண்காடராக இருந்து கப்பல் வியாபாரம் பார்த்தவர். பெயரா அவர்களை வீட்டை விட்டுக் கிளப்பியது? போதாததற்கு, ரமணன் என்ற சொல்லுக்கே மகிழ்விப்பவன் என்றுதான் பொருள்.

கேள்வி: பள்ளிச் சான்றிதழில் என் பெயர் பிச்சையாண்டி. மகனுக்கு இன்ஷியல் போடவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சம் எதற்கு? பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை முறத்தில் கிடத்திப் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். ‘இது எங்கள் பிள்ளை இல்லை, பிச்சையாக வந்தது’ என்று எமனை ஏமாற்றும் வேலை. பிச்சை, குப்பை, ஆண்டி எல்லாம் அப்படி வைத்த காவல் பெயர்கள். என் சித்தப்பா ஒருவர் தவிட்டுக்கு வாங்கியவர். எழுபது வயதிலும் அத்தை அவரை ‘டேய் தவிடு’ என்றுதான் கூப்பிடுவாள். அதோடு, பிச்சாண்டி என்றால் பிச்சைக்கு ஓடேந்தி வந்த சிவன், பிட்சாடனர். ஆண்டி என்றால் பழனிமலையில் கோவணத்தோடு நிற்கும் முருகன். தண்டபாணியும் அதே ஆண்டிதான், வடமொழியில் கொஞ்சம் வேட்டி கட்டியிருக்கிறார்.

கேள்வி: பெண்ணுக்குத் தமிழில் ஒன்று சொல்லுங்கள் ஐயா.

பதில்: தவமணி, தவச்செல்வி, அருந்தவம். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ‘தவ’ என்று தொடங்கும் பெயர்களை நிறையப் பார்க்கலாம். இவற்றில் தவம் பெரும்பாலும் பெற்றவர்களுடையது. பிள்ளை அதன் பலன். புராணப் பெயர் வேண்டுமென்றால் புனிதவதி. காரைக்கால் அம்மையார் பேயுருக் கொள்ளும் முன்பு இருந்த பெயர் அது. கூப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு மெத்தென்று இருக்கிறது!

கேள்வி: பக்கீர் என்பதும் இந்த வகைதானா?

பதில்: ஆமாம். அரபியில் ஏழை, இறைவனுக்கு முன் ஒன்றும் இல்லாதவன்.

கேள்வி: இன்னும் முடிவாகவில்லை. பிறப்புச் சான்றிதழ் என்ன ஆகும்?

பதில்: பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் கட்டணம் கிடையாது, பிறகு தாமதக் கட்டணம் உண்டு. ஆங்கில எழுத்துகளை மட்டும் இரண்டு முறை சரிபார்த்துக் கொடுங்கள்.