நாள் முழுக்க நாற்காலி வேலை. நாளுக்கு 2,000 கலோரி தேவை என்கிறது கைப்பேசிச் செயலி. 1,500 கலோரிதான் சாப்பிடுகிறேன், எடை ஏன் குறையவில்லை?

பிசகு நீங்கள் சாப்பிடும் 1,500-இல் இல்லை, செயலி சொன்ன 2,000-இல். 68 கிலோ, 158 செ.மீ., 42 வயதுப் பெண்ணான உங்களுக்கு ஓய்வுநிலைத் தேவை, அதாவது சும்மா இருந்தாலே உடல் செலவிடுவது, (10×68)+(6.25×158)−(5×42)−161, ஏறக்குறைய 1,297 கலோரி. ‘மிதமான உடலுழைப்பு’ என்று தட்டியிருப்பீர்கள்; அதனால் 1.55-ஆல் பெருக்கியிருக்கிறது. நாள் முழுக்க நாற்காலி வேலை என்கிறீர்களே, 1.2 போதும்: 1,556. எடை குறையத் தேவையான பற்றாக்குறை எங்கே இருக்கிறது?

எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. காப்பிக்கடையில் கெட்டிப்பால் தேநீருக்குப் பதில் பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ கேளுங்கள்.

இரண்டு வாரம், காலையில் கழிவறை சென்று வந்ததும் எடை பாருங்கள். வாரச் சராசரிகளை மட்டும் ஒப்பிடுங்கள்; அன்றாட ஏற்றஇறக்கம் பெரும்பாலும் நீர்தான்.

இன்சுலின் போடுபவரானால், உணவைக் குறைக்குமுன் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.