ஆடிக் காற்றும் கூடங்குளமும்: ப்ராஜெக்ட் கேள்விக்குப் பதில்

தம்பி, ஆடியில் பணகுடிப் பக்கம் காற்று ஆளையே தள்ளும்போது மின்சாரம் மிஞ்சுகிறது என்று காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்களே, பதிலுக்குக் கூடங்குளத்தைக் குறைத்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள்.

குறைக்க முடியாது என்றில்லை. ஆனால் சட்டென்று குறைத்தால் உலைக்குள் அணுப்பிளவில் உண்டாகும் செனான்-135 என்ற வாயு சேர்ந்து, அணுப்பிளவைத் தொடர வைக்கும் நியூட்ரான்களை விழுங்கும். மறுபடி ஏற்றப் பல மணி நேரம் பெரும்பாடு. எரிபொருளில் பெரிதாக மிச்சமும் இல்லை. போட்ட முதலுக்கு வட்டிதான் ஓடும்.

அதனால் ஓடுகிற இரண்டு 1000 மெகாவாட் உலைகளையும் சீராக விட்டு, மிஞ்சும் மின்சாரத்துக்கு வேலை கொடுங்கள். கடல்நீரைக் குடிநீராக்கலாம், தண்ணீர் தொட்டியில் கிடக்கும், மின்சாரம் கிடக்காது. உலைத் தேவைக்கு அங்கே அப்படி ஓர் ஆலை ஏற்கெனவே உண்டு. அப்புறம் கடம்பாறை நீர்மின் நிலையம் மாதிரி தண்ணீரை மேலணைக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம்.

ஐப்பசியில் காற்று படுத்துவிடும். அந்த மாதக் கணக்கையும் போடுங்கள். நம்ம பிள்ளைகள் ஆடியை மட்டும் வைத்தே வரைபடம் போடுகிறார்கள்.