முகப்புத் திண்ணையில் படுத்திருக்கும் பிள்ளை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரசுக் கால்நடை மருத்துவராக முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறேன். கூடவே செவலை என்ற நாட்டு நாயும் இரண்டு பூனைகளும். கோடை விடுமுறை நெருங்குவதால் இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஊருக்கு வருவதைப் பற்றியும் போவதைப் பற்றியுமே இருந்தன.

கேள்வி: நாங்கள் சென்னைவாசிகள். மே மாதம் பத்து நாள் தேவகோட்டையில் எங்கள் பெரிய வீட்டுக்கு வருகிறோம். பங்காளிகள் மூன்று வீட்டாரும் கூடுவார்கள். எங்கள் லாப்ரடாரை விட்டுவர மனமில்லை. அது வளவுக்குள், அதாவது வீட்டின் நடு முற்றப் பகுதிக்குள், கால் வைக்கவே கூடாது என்கிறார் மாமியார். ஒருநாள் காரில் பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் எல்லாம் சுற்றவும் ஆசை. நாயையும் கூட்டிப் போகலாமா?
(வாசகி, சென்னை)

பதில்: உங்கள் மாமியாரிடம் வாதாடாதீர்கள் அம்மா. கல்யாணமும் முன்னோர்களுக்குப் படைப்பும் நடக்கிற இடம் வளவு. அது உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. நாய்க்குப் பயப்படுகிற குழந்தையோ, நாய் முடி ஒத்துக்கொள்ளாத பெரியவரோ பங்காளிகள் வீட்டில் இருக்கலாம். “உள்ளே விடலாமா” என்று கேட்டால் “கூடாது” என்றுதான் பதில் வரும். “இதன் இடம் எது” என்று கேளுங்கள்.

நம் வீடுகளைக் கட்டியவர்களே இதற்கு ஒரு வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். காரைப் பின்தெருவில் நிறுத்தி, அந்த வாசல் வழியாக நாயை நேரே கிணற்றடிக்கும் கடைசிக் கட்டுக்கும் கொண்டுபோய்விடலாம். வளவை மிதிக்கவேண்டிய தேவையே இல்லை. கனத்த சுவரும் நிழலும் தண்ணீரும் அங்கே உண்டு. சென்னையில் அது படுத்துக்கொள்ளும் பழைய துணியைத் துவைக்காமல் அப்படியே எடுத்துவந்து அங்கே விரியுங்கள். தன் வாசனை இருக்கிற இடம்தான் அதற்கு வீடு. முதல் இரண்டு இரவு உங்களில் ஒருவர் பக்கத்தில் பாய் போட்டுப் படுங்கள். மூன்றாம் நாள் மாமியாரே சோறு வைத்துவிட்டாரா என்று விசாரிப்பார். பல வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன்.

நாய் படுக்கும் தரையைப் பினாயில் போட்டுத் துடைக்கவேண்டாம். பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும். பூனைக்கு இன்னும் கெடுதல். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் அமிலமும் ஆகாது, எலுமிச்சையும் ஆகாது. அது சிமெண்டால் ஆனது. புளிப்பு பட்டால் பளபளப்பும் நிறமும் அரித்துப் போகும். நாய் சிறுநீர் கழித்துவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றித் துணியால் ஒற்றி எடுங்கள். ஊறவிட்டால் கறை தங்கிவிடும், பிறகு பங்காளிகள் பேச்சும் தங்கிவிடும்.

இனி காரில் சுற்றும் விஷயம். நாயை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். பணியில் இருந்தபோது ஒரு மே மாதப் பகலில் ஒரு குடும்பம் சப்பை மூக்குப் பக் நாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. அரண்மனை பார்க்க இறங்கியவர்கள், கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவைத்து, மரநிழலில்தான் காரை நிறுத்தியிருந்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெயில் 35 டிகிரி என்றால் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 45 டிகிரியை எட்டிவிடும். கண்ணாடியைச் சற்றே இறக்குவதால் பெரிய மாற்றம் இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றவேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது இரைத்து என்ன பயன்? அந்தக் குட்டியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதன் கழுத்துப் பட்டையை அந்தச் சிறுமி கையில் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வாயில் கெட்டியாக எச்சில் வழிந்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடையிடுக்கு, பாதங்கள் எல்லாம் நனையச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கட்டியில் முக்கவேண்டாம். நனைத்தபடியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நீங்கள் காலையிலேயே கிளம்பிப் பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு ஆத்தங்குடிக்குப் போங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றிக் கல் செய்வதைக் குழந்தைகள் கட்டாயம் பார்க்கவேண்டும். அங்கிருந்து கானாடுகாத்தான். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். வீட்டில் ஒருவர் இருந்தால் உங்கள் நாய் அத்தனை நேரமும் நிம்மதியாகத் தூங்கும். நாளில் பாதிக்கு மேல் தூங்குகிற பிராணி அது.

அதன் உல்லாசப் பயணம் வேறு. விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கண்மாய்க் கரையில் அரை மணி நேரம் நடத்திக்கொண்டு போங்கள். ஒவ்வொரு புதரையும் அது மோந்து பார்க்கட்டும், இழுக்காதீர்கள். வாரை மட்டும் அவிழ்க்கவேண்டாம். நம் பக்கத்துப் பொட்டல்களில் மயில்கள் மேயும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலைத் துன்புறுத்துவது குற்றம். நகரத்து நாய்க்கு அது தெரியாது. ஊருணியிலும் இறக்காதீர்கள். பல ஊர்களில் அது குடிநீர். மாலையில் தார்ச்சாலையில் இறங்குவதற்கு முன் புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மீந்த கோழிக் குழம்புச் சோறு, எலும்பு எல்லாவற்றையும் எங்கள் நாய்க்குப் போடுகிறோம். காலங்காலமாக அப்படித்தானே வளர்த்தார்கள்?
(வாசகர், காரைக்குடி)

பதில்: காலங்காலமாக வளர்த்தவர்கள், நாய் ஏன் செத்தது என்று யாரிடமும் கேட்டதில்லை. நம் குழம்பில் சின்ன வெங்காயம் எவ்வளவு போகிறது என்று உங்கள் வீட்டு அடுப்படியில் கேளுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஒருநாளில் தெரியாது. வாரக்கணக்கில் சேர்ந்து ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து படுத்த பிறகுதான் கொண்டுவருவார்கள். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும். குடலைக் கிழித்த எலும்புகளை நானே அறுவை செய்து எடுத்திருக்கிறேன்.

மசாலா அரைப்பதற்கு முன்பே நான்கு துண்டுக் கறியைத் தனியாக வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு, குழைந்த சோற்றில் பிசைந்து வையுங்கள். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் ஆகாது. சிறுநீரகத்தையே முடக்கிவிடும். குழந்தைகள் மேசைக்கு அடியில் கொடுக்கும் சாக்லேட்டும் அப்படித்தான், அது இதயத்தைப் படுத்தும். எங்கள் வீட்டில் வெள்ளைப் பணியாரம் ஊற்றும் நாளில் செவலைக்கு எதுவும் சேர்க்காமல் ஒரு கரண்டி மாவு தனியாக ஊற்றுவேன். அதற்காகவே அது அடுப்படி வாசலில் காத்திருக்கும்.

கேள்வி: நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து மிச்சம் இருக்கிறது. பூனைக்கும் கொஞ்சம் தடவலாமா?
(வாசகி, புதுவயல்)

பதில்: தடவாதீர்கள். நாய்க்கான பல உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனைக்கு அது கொல்லும் விஷம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படியே, பாதி மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். பூனை குட்டி நாய் அல்ல, அதன் கல்லீரல் வேறு வகை.

கேள்வி: ஆச்சி, நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு நாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது. கறுப்புக் குட்டி என்னைப் பார்த்தால் ஓடி வருகிறது. வீட்டுக்குக் கொண்டுவரலாமா? அப்பத்தா வேண்டாம் என்கிறார்.
(மாணவன், கோத்தமங்கலம்)

பதில்: தம்பி, கடிதத்தில் குட்டிக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதவில்லையே. எட்டு வாரம் ஆகும்வரை அது அம்மாவிடம்தான் இருக்கவேண்டும். எப்படிக் கடிக்கவேண்டும், எவ்வளவு மெதுவாகக் கடிக்கவேண்டும் என்று கூடப்பிறந்தவைகளிடம்தான் அது கற்றுக்கொள்கிறது. அதுவரை நீ தாய் நாய்க்குச் சோறு வை. குட்டிகளைத் தூக்காதே. தாய்க்குக் கோபம் வந்தால் கடிக்கும்.

பல் பட்டாலும் நகம் கீறினாலும் மறைக்காதே. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். அங்கே அது இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் பிறகு மருந்தில்லை. அப்பாவிடம் திட்டு விழும் என்று பயந்து சொல்லாமல் இருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். ஆகவேதான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன்.

குட்டி வந்ததும் பூச்சி மருந்து. எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நான்கு மாதம் ஆகும்வரை. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அது ஆண்டுதோறும். பசும்பால் நிறையக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு ஆகும், கஞ்சியும் வெந்த முட்டையும் போதும். அப்பத்தாவிடம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, யார் எந்த வேலையைச் செய்வது என்று பெயர் போட்டுக் காட்டு. காலையில் கழிவை அள்ளும் வேலைக்கு நேரே உன் பெயர் இருக்கவேண்டும். அப்பத்தாவின் “வேண்டாம்” அந்த வேலையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

கேள்வி: வேட்டங்குடிக்குப் பறவை பார்க்கப் போகிறோம். எங்கள் நாய் யாரையும் ஒன்றும் செய்யாது. கூட்டிப் போகலாமா?
(வாசகர், திருப்பத்தூர்)

பதில்: கூடாது. அது ஒன்றும் செய்யாதிருக்கலாம், பறவைக்கு அது தெரியாதே! நாயைக் கண்ட மிரட்சியில் கூட்டைவிட்டு எழும்பினால், அந்த நேரத்தில் காகம் முட்டையைக் கொத்திவிடும்.

1977இல் சரணாலயமான இடம் அது. அரசு அறிவிப்பைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் செய்கிற காரியம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட அவர்கள் வெடி வெடிப்பதில்லை. ஒரு கிராமத்துப் பிள்ளைகள் எல்லாரும் தலைமுறையாகப் பட்டாசை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். உங்கள் நாயை ஒரு காலை நேரம் வீட்டில் விட்டுப் போவது அதற்கு முன் எம்மாத்திரம்?

கண்மாயில் தண்ணீர் நிறைந்திருந்தால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். இப்போது கோடையில் போனால் வெறும் கருவேல மரங்களைத்தான் பார்ப்பீர்கள். மழை முடிந்து போங்கள். நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அடர்ந்த நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது. மனைவி காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெரிய வீட்டில் நானும் 12 வயது நாயும்தான். மகன் இரண்டு மாதம் சிங்கப்பூர் வந்து இருக்கச் சொல்கிறான். பேரனைப் பார்க்க ஆசைதான். மதுரையில் நாய்களை வைத்துக்கொள்ளும் இடம் இருக்கிறதாம். ஆனால் இது அவள் வளர்த்த நாய்.
(வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: ஐயா, போய் வாருங்கள். பேரன் வளர்வதும் காத்திருக்காது.

ஆனால் மதுரைக்கு அனுப்பவேண்டாம். பன்னிரண்டு வயதில் அதற்குப் பார்வை மங்கியிருக்கும். உங்கள் வீட்டில் எந்தத் தூண் எங்கே, எந்தப் படி எவ்வளவு உயரம் என்று கால் பழக்கத்தில் நடக்கிறது. புதிய இடத்தில் அந்தப் பழக்கம் உதவாது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் யாராவது கட்டாயம் இருப்பார். அவர் இரவில் உங்கள் வீட்டிலேயே படுத்துக்கொள்ளட்டும். சோறு வைக்கும் நேரம், வைக்கும் தட்டு, தட்டு இருக்கும் இடம் எதுவும் மாறக்கூடாது. மேசை நாற்காலியையும் நகர்த்தவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேய்ந்து வழவழவென்று இருக்கும் தரையில் வயதான நாய்க்குப் பின்னங்கால் சறுக்கும், அது நடக்கிற வழியில் சாக்கு விரித்துவையுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஒத்திகை பாருங்கள். முதலில் ஓர் இரவு, பிறகு மூன்று இரவு, உறவினர் வீட்டில் தங்கிவிட்டு வாருங்கள். நீங்கள் போனால் திரும்பி வருவீர்கள் என்பது அதற்குப் பழகவேண்டும். சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். நீங்கள் உடுத்திய வேட்டி ஒன்றைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போடுங்கள். உங்கள் மனைவியின் சேலை ஏதாவது பெட்டகத்தில் இருந்தால் அதையும் எடுத்துப் போடலாம். நான்கு ஆண்டு ஆனாலும் பரவாயில்லை.

நீங்கள் ஊரில் இல்லாதபோது அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றுதான் உண்மையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆகலாம், பன்னிரண்டு வயது. எந்த மருத்துவரை அழைப்பது, எதுவரை வைத்தியம் பார்ப்பது, தோட்டத்தில் எந்த மரத்தடியில் வைப்பது என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொள்பவரிடம் கொடுத்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தபின் உங்களுக்குத் தூக்கம் வரும்.

பள்ளத்தூருக்கும் கானாடுகாத்தானுக்கும் எவ்வளவு தூரம்? செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் நான் வந்து பார்க்கிறேன். வீட்டு அடையாளத்தை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நாயின் பெயரையும் எழுதுங்கள், அதை மறந்துவிட்டீர்கள்.