நனைந்த படுக்கையும் கொல்லைக் கதவும்

வணக்கம் மேடம்,

கணவரின் வேலை மாறியதால் மே மாதக் கடைசியில் மன்னார்குடியிலிருந்து மாங்காட்டுக்குக் குடிவந்தோம். அங்கே திண்ணையும் கொல்லையும் உள்ள ஓட்டு வீடு. இங்கே மூன்றாவது மாடியில் ஃப்ளாட். என் மகனுக்கு 7 வயது. மூன்றரை வயதிலேயே படுக்கையை நனைப்பதை விட்டவன், புதுப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து வாரத்துக்கு நான்கு நாள் நனைக்கிறான். அவன் அப்பா திட்டுகிறார். நான் இரவு 12 மணிக்குத் தூக்கிப் போய் பாத்ரூமில் நிறுத்திப் பார்க்கிறேன்; பலனில்லை. அத்தைக்கு (மாமியார்) 71 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து பால்கனிக் கதவைத் தள்ளுகிறார். கேட்டால் "கொல்லைக்குப் போகணும்" என்கிறார். பகலில், "நம்ம வீட்டுக்கு எப்போ போறோம்?" என்று ஓயாமல் கேட்கிறார். பையனுக்கு மனநோயா? அத்தைக்கு மறதி நோயா? எனக்குத் தூக்கமே போய்விட்டது.

— வாசகி, மாங்காடு

அன்புள்ள சகோதரி,

இருவருக்கும் சிக்கல் ஒரே இடத்தில்தான்: இரவில், படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவில். பழைய வீட்டில் அரைத் தூக்கத்திலும் கால் தானே வழி கண்டுபிடிக்கும். இந்த வீட்டை அவர்கள் கால்கள் இன்னும் பழகவில்லை.

முதலில் பையன். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைப்பது, வீடும் பள்ளியும் மாறும் காலத்தில் அடிக்கடி வருவதுதான். மனநோய் இல்லை. ஆனாலும் மனசுதான் காரணம் என்று முடிவு செய்வதற்கு முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். குழந்தை மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அதிக தாகம், எடை குறைவு, பகலிலும் அடிக்கடி சிறுநீர் என்று இருந்தால் அன்றே சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். மலச்சிக்கல் உண்டா என்றும் கவனியுங்கள். குடல் நிறைந்திருந்தால் அது சிறுநீர்ப்பையை நெருக்கும்.

அடுத்து, பள்ளிக் கழிப்பறைக்குப் போகிறானா என்று மெதுவாகக் கேளுங்கள். புது இடத்துக் கழிப்பறைக்குக் கூசும் பிள்ளைகள் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள். அது அத்தனையும் இரவில்தான் இறங்கும். தண்ணீர் பாட்டில் மதியத்துக்குள் காலியாகட்டும்; படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்திவிடுங்கள். வகுப்பு ஆசிரியையிடம், இடைவேளையில் அவனை அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.

புது வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டா? உட்கார்ந்தால் அவன் கால் தரையில் எட்டுகிறதா? தொங்கும் கால்களோடு உட்காரும் பிள்ளைக்கு இடுப்பு இறுகும், முழுதாகப் போகாது. காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி வையுங்கள். ஃபிளஷ் சத்தத்துக்குப் பயந்தால், அவன் வெளியே வந்தபிறகு நீங்கள் அழுத்துங்கள். படுக்கப் போகும்போது ஒரு தடவை, விளக்கணைக்கும் முன் இன்னொரு தடவை போகட்டும்.

12 மணிக்குத் தூக்கிப் போவதை நிறுத்திவிடுங்கள். விழிக்காமலே போவதைத்தான் அது பழக்குகிறது. மெத்தையில் ரப்பர் ஷீட், அதன்மேல் பருத்தி விரிப்பு, அதன்மேல் மறுபடி ரப்பர் ஷீட், மறுபடி விரிப்பு என்று விரித்துவையுங்கள். நனைந்தால் மேலிரண்டையும் உருவிவிட்டால் போதும்; இரண்டு நிமிடத்தில் எல்லோரும் படுத்துவிடலாம். உங்கள் கணவரிடம் இதை அவசியம் காட்டுங்கள்: தூங்கும் பிள்ளை வேண்டுமென்று நனைப்பதில்லை. திட்டத் திட்டப் பயம் கூடும், நனைப்பதும் கூடும். நனையாத இரவுக்குப் பரிசு தருவதும் வேண்டாம், அது அவன் கையில் இல்லை. படுக்குமுன் போய்வந்தால் பாராட்டுங்கள்.

இனி அத்தை. நாளைக்கே ஒன்று செய்யுங்கள். மூன்று மணிக்கு அவர் எழும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். சில சர்க்கரை மாத்திரைகளால் இரவில் அளவு இறங்கி, வியர்வையும் குழப்பமும் வரும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, காலையில் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழப்பம் திடீரென்று கூடினால், காய்ச்சல் வந்தால், பகலில் எழுப்ப முடியாமல் தூங்கினால் காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் சோடியம் குறைவதும் இப்படித்தான் காட்டும்.

மன்னார்குடியில் கட்டிலின் எந்தப் பக்கம் இறங்கி, எந்தக் கைப்பக்கம் திரும்பிக் கொல்லைக்குப் போவார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இங்கேயும் அதே பக்கம் இறங்கினால் பாத்ரூம் கதவு தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். வழியில் தரையோரமாக மஞ்சள் நிற இரவு விளக்கு. பாத்ரூம் விளக்கு இரவு முழுக்க எரியட்டும், கதவு பாதி திறந்திருக்கட்டும். அந்தக் கதவில் அவருடைய பழைய புடவைத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஃப்ளாட்டில் எல்லாக் கதவும் ஒரே நிறம், அவருக்கு அடையாளம் தெரியாது. வழியில் கிடக்கும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள், கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்துங்கள், பால்கனிக் கதவுக்கு மேலே உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள்.

"நம்ம வீட்டுக்கு எப்போ போறோம்?" என்று கேட்டால், "இதுதான் நம்ம வீடு" என்று வாதாடாதீர்கள். "அங்கே இந்நேரம் என்ன செய்வீங்க அத்தை?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் வேலையை இங்கே அவர் கையில் கொடுங்கள், அது வாசல் கோலமோ, கீரை ஆய்வதோ. இன்னும் பிரிக்காத அட்டைப் பெட்டிகளில் அவருடையதை முதலில் பிரியுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரில் இருந்தபோதே சமைத்த பாத்திரத்தை அடுப்பில் மறந்தது, கொடுத்த பணத்தை மறுபடி கேட்டது என்று ஏதாவது உண்டா? பழகிய வீடு ஆரம்ப மறதி நோயை மூடி வைத்திருக்கும், புது வீடு அதை வெளியே காட்டிவிடும். அப்படி இருந்தால் தைராய்டு, பி12 பரிசோதனையோடு நரம்பியல் அல்லது மனநல மருத்துவரைப் பாருங்கள்.

நீங்களும் தூங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் இரவுப் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். அழுகை அடங்காத நாளில் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண்; தமிழிலேயே பேசலாம்.

ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்துவையுங்கள்: பையன் குடித்த நேரம், மலம் போன நாள், நனைத்த இரவு, அத்தை எழுந்த நேரம், சர்க்கரை அளவு, எந்தக் கதவுக்குப் போனார். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள்.

— உளவியல் ஆலோசகர்